பிள்ளையின் காதுக்குள் ஓடும் பாட்டு: திருகோணமலையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

திருகோணமலையில் தரம் 9 முதல் ஏ.எல். வரையான பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். பெற்றோர் சந்திப்பில் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்து எழும்பும்போது, கதிரையின் முதுகைப் பிடித்தபடி ஒரு கேள்வி கேட்பார்கள். "டீச்சர், எந்த நேரமும் காதுக்குள் அதைக் கொழுவிக்கொண்டுதான் திரிகிறான். அந்தப் பாட்டெல்லாம் பிள்ளையைக் கெடுத்துப்போடாதா?" பிள்ளைகளும் இதையே வேறு மாதிரிக் கேட்கிறார்கள். இரண்டு பக்கக் கேள்விகளும் இங்கே இருக்கின்றன.

பாட்டுக் கேட்டுப் பிள்ளை கெட்டுப்போகுமா?

ஒரு பாட்டைக் கேட்டு எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதை நான் காணவில்லை. ஆனால் "பாட்டுத்தானே" என்று விட்டுவிடவும் என்னால் முடியாது.

ஒருமுறை "என்னை வருத்திய ஒரு நாள்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். ஓ.எல். வகுப்புப் பெடியன் ஒருவன் நாலே நாலு வரி எழுதியிருந்தான். அதில் மூன்று வரி சினிமாப் பாட்டு. கொப்பியைக் காட்டி, "இது உன்னுடையது இல்லையே அப்பன்" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுதான் மிஸ் எனக்கு நடந்தது. வேறெப்படி எழுதுறது?" என்று கேட்டான்.

அந்தப் பதிலை நான் மறக்கவில்லை. பதினாறு வயதில் உணர்ச்சி முட்டி நிற்கிறது, அதைச் சொல்லத்தான் சொல் இல்லை. வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை, பாடப்புத்தகத்திலும் அது கிடையாது. பாட்டு சொல்லைத் தயாராகக் கையில் கொடுக்கிறது. காதல் என்றால் இப்படி, தோல்வி என்றால் இப்படி, ஆம்பிளை என்றால் இப்படி என்று. பிள்ளை தன் அனுபவத்தை அந்தச் சொல்லால்தான் புரிந்துகொள்கிறது. ஆகவே பாட்டு எந்தச் சொல்லைக் கொடுக்கிறது என்பதைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஏன் இந்த வயதில் மட்டும் இப்படி ஒரு பைத்தியம்?

உடம்பும் அதற்கு ஒரு காரணம். கனடாவின் மொன்றியல் நகர ஆய்வாளர்கள் 2011இல் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பிடித்த பாட்டில் மெய்சிலிர்க்கிற இடம் வரும்போது மூளையில் டோபமீன் சுரக்கிறது. நல்ல சாப்பாடு கிடைத்தாலும் சுரப்பது அதே இரசாயனம்தான். பதின்ம வயதில் இந்த இன்பத்தைத் தேடும் பகுதி முழு வேகத்தில் ஓடுகிறது. "பொறு, யோசி" என்று தடுக்கும் நெற்றிப்பக்க மூளையோ இருபதுகளின் நடுப்பகுதி வரைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

அதைவிடப் பெரிய காரணம் கூட்டாளிமார். மாலையில் டச்சுக் குடாப் பக்கம் போனால், கடலைப் பார்த்தபடி இரண்டு பெடியன்கள் ஒரே ஹெட்செட்டின் ஆளுக்கொரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு இருப்பதைக் காணலாம். வயர் எட்டவேண்டும் என்பதற்காகத் தலையோடு தலை சாய்த்திருப்பார்கள். பேச்சே இருக்காது. அந்தப் பாட்டு தெரியாதவனுக்கு அந்த இடத்தில் இடமில்லை. எந்தப் பாட்டைக் கேட்கிறாய் என்பது இந்த வயதில் "நீ யாருடைய ஆள்" என்ற கேள்விக்கான பதில்.

பெட்டைகளைப் பார்த்துப் பாட்டுப் பாடுவது விளையாட்டுத்தானே?

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும்.

பதினைந்து வயதுப் பிள்ளையொருத்தி ரியூஷன் வகுப்பிலிருந்து பத்து நிமிடம் முந்திப் போக அனுமதி கேட்டாள். தொடர்ந்து மூன்று கிழமை கேட்டாள். காரணத்தை மெல்ல மெல்லத்தான் சொன்னாள். சந்தியில் மூன்று பெடியன்கள் நிற்பார்களாம். அவள் சைக்கிள் வந்தவுடன் ஒரு சினிமாப் பாட்டின் ஒரே சரணத்தைப் பாடுவார்களாம். வேறு ஒன்றும் இல்லை, கையைப் பிடிக்கவில்லை, பின்னால் வரவில்லை. ஆனால் அவள் அந்தச் சந்தியைத் தவிர்த்துக் கடற்கரை வீதியால் சுற்றிப் போக ஆரம்பித்திருந்தாள். வெயிலுக்குள் கால்மணி நேரம் கூடுதல் ஓட்டம். வீட்டில் சொன்னால் வகுப்பையே நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

அந்த மூவரில் ஒருவன் என்னிடம் படிக்கிறவன். கேட்டபோது, "நாங்கள் ஒன்றும் செய்யவில்லை மிஸ், பாட்டுத்தானே பாடினோம்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருந்தான். நான் ஏசவில்லை. அந்தச் சரணத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னேன், பிறகு மெட்டில்லாமல், செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கச் சொன்னேன். இரண்டு வரி வாசித்தான். மூன்றாவது வரியில் குரல் இறங்கிவிட்டது. அந்த வரியில் பெண் வேண்டாம் என்கிறாள், பாடுகிறவன் அதை வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறான். நூறு தடவை பாடியிருக்கிறான், ஒரு தடவையும் அவனுக்கு அது கேட்கவில்லை. மெட்டு அதைக் கேட்கவிடவில்லை.

தமிழ்ச் சினிமாவில் விரட்டிப் போவதைக் காதல் என்று காட்டும் பாட்டுகள் தலைமுறை தலைமுறையாக வருகின்றன. பெண் மறுத்தால் ஒட்டுமொத்தப் பெண்களையும் திட்டும் பாட்டுகளும் வருகின்றன. அவற்றைச் சத்தமாகப் பாடும் பெடியனுக்கு, மறுப்பு என்றால் அவமானம் என்ற ஒரே அர்த்தம்தான் தெரியவருகிறது. மறுத்த பிள்ளையை மதித்து விலகிப்போகிற ஆணுக்கும் பாட்டு இருக்கிறதா என்று வகுப்பில் கேட்டேன். பிள்ளைகள் வெகுநேரம் தேடினார்கள்.

அமெரிக்காவில் 12 முதல் 17 வயது வரையான 1,461 பிள்ளைகளிடம் சில வருடங்கள் தொடர்ந்து கேட்டு, 2006இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பெண்ணை ஒரு பொருளாகவும் ஆணை அடங்காத ஆசைக்காரனாகவும் காட்டும் வரிகளை நிறையக் கேட்ட பிள்ளைகள் பாலுறவில் முந்தியே இறங்கினார்கள். காதலையும் ஆசையையும் இழிவில்லாமல் பாடிய பாட்டுகளோடு அப்படியான தொடர்பு தெரியவில்லை. இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. காதல் பாட்டைத் தடுப்பதால் பயனில்லை. இழிவைத்தான் பிரித்துக் காட்டவேண்டும்.

குடிப்பாட்டுக் கேட்டால் குடிக்கத் தோன்றுமா?

குடி சாதாரணம் என்று தோன்றும். அதுவே எனக்குப் போதுமான கவலை. 2005இல் அமெரிக்காவில் பிரபலமாக இருந்த 279 பாட்டுகளை எடுத்துப் பார்த்தவர்கள், மூன்றில் ஒன்றில் மதுவோ புகையோ போதைப்பொருளோ வருவதைக் கண்டார்கள். நம்முடைய குத்துப்பாட்டுகளை யாரும் அப்படி எண்ணி நான் பார்க்கவில்லை. ஆனால் சோகம் என்றால் போத்தல், சந்தோஷம் என்றாலும் போத்தல் என்று அவை சொல்வது எல்லோருக்கும் தெரியும்.

இலங்கையில் 2006இல் வந்த சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவும் சிகரெட்டும் விற்க முடியாது, விளம்பரமும் செய்ய முடியாது. தொலைக்காட்சியில் கதாநாயகன் சிகரெட் பிடித்தால் அந்த இடத்தை மங்கலாக்கி விடுகிறார்கள். பாட்டின் வரியை மங்கலாக்க வழியில்லை. அது தனியார் பஸ்ஸில் ஏறிக் கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் வரைக்கும் போகிறது.

நம்முடைய பொப்பிசை முன்னோடி நித்தி கனகரத்தினம் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று பாடினார். நேரடியாகவே புத்தி சொல்லும் பாட்டு. கலியாண வீடுகளில் அந்தப் பாட்டுக்கே கையில் கிளாஸோடு ஆடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். மெட்டு கொண்டாட்டமாக இருந்தால் சொல் பின்னால் போய்விடுகிறது. "நல்ல கருத்துள்ள பாட்டுத்தானே, கேட்கட்டும்" என்று சொல்லும் பெற்றோருக்கு இதை ஞாபகப்படுத்துவேன். கருத்து இருந்தால் மட்டும் போதாது, யாராவது அதைப் பற்றிப் பேசவும் வேண்டும்.

வெட்டு, குத்து, இரத்தம் என்று வரும் கதாநாயகன் பாட்டுகள்?

2003இல் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்கள் 500க்கு மேற்பட்டவர்களோடு ஐந்து பரிசோதனைகள் நடத்தினார்கள். வன்முறை வரிகள் உள்ள பாட்டைக் கேட்டவுடன் கோபமான எண்ணங்களும் பகைமை உணர்வும் கூடின. அவை கேட்ட கையோடு அளந்தவை. அதனால் அந்தப் பாட்டு ஒரு பிள்ளையைக் கத்தி எடுக்க வைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. மற்றப் பக்கமும் உண்டு. பிறருக்கு உதவுவதைப் பாடும் பாட்டுகளைக் கேட்டவர்கள் அதன் பிறகு உதவ முன்வருவது கூடியது என்று 2009இல் வந்த ஆய்வு காட்டியது.

நான் காண்பதையும் சொல்கிறேன். விளையாட்டுப் போட்டிக்கு முன்னால் இதே பாட்டைப் போட்டு உற்சாகமாக ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சண்டைக்குப் போகிற பிள்ளையும் அதையே போடுகிறான். பிள்ளை எங்கே போகிறான் என்பதைப் பாருங்கள்.

மகள் இரவிரவாகச் சோகப்பாட்டே கேட்கிறாள். பயமாக இருக்கிறது.

சோகப்பாட்டு பெரும்பாலும் ஆறுதல்தான். அழவேண்டிய ஆள் அழுதுவிட்டுத் தூங்கிவிடும். பெரியவர்களும் அதைத்தானே செய்கிறோம்.

ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி இல்லை. சிலர் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒரே நினைப்பைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்கள். கேட்டு முடிந்தபின் முன்பைவிடப் பாரமாக இருக்கிறது என்று அவர்களே சொல்வார்கள், கேட்டால். கேட்பதற்கு நல்ல கேள்வி இதுதான்: "இந்தப் பாட்டு முடிந்தபிறகு உனக்கு எப்படி இருக்கும் மகள்?" இலேசாக இருக்கும் என்றால் விடுங்கள். இன்னும் மோசமாக இருக்கும், ஆனாலும் நிறுத்த முடியவில்லை என்றால் பக்கத்தில் போய் இருங்கள்.

சாப்பாடு குறைந்தால், கூட்டாளிகளை விட்டு விலகினால், படிப்பு திடீரென்று விழுந்தால், சாவைப் பற்றிய வரிகளையே வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டால் பாட்டை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டாம். பிரச்சினை பாட்டுக்கு முந்தியே இருக்கிறது, பாட்டு அதை வெளியே காட்டுகிறது, அவ்வளவுதான். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் எடுக்கலாம். சிறுவர் பாதுகாப்புக்கு 1929. அழைப்பது வெட்கப்படவேண்டிய காரியம் அல்ல. இந்த மாவட்டத்தில் போரையும் சுனாமியையும் கண்டு, ஒன்றும் பேசாமல் வளர்ந்த ஒரு தலைமுறைதான் இன்றைக்குப் பெற்றோர். நம் பிள்ளைகளாவது பேசட்டும்.

பாட்டுக் கேட்டுக்கொண்டு படிக்கலாமா மிஸ்?

கணக்குச் செய்யும்போது சிலருக்குப் பரவாயில்லை. வாசித்து விளங்கவேண்டிய பாடத்துக்குச் சொல் உள்ள பாட்டு தடைதான். 2014இல் வந்த ஓர் ஆய்வில், பிடித்த பாட்டாக இருந்தாலும் பிடிக்காத பாட்டாக இருந்தாலும் வரிகள் இருந்தால் வாசிப்பு விளக்கம் குறைந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உன் காதுக்குள் பேசினால் யாரைக் கேட்பாய்? சரி, படித்துவிட்டுக் கேள்.

எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் கிழமைக்கு 40 மணித்தியாலம், 90 டெசிபலில் வெறும் 4 மணித்தியாலம். பஸ் இரைச்சலுக்கு மேலால் கேட்கவேண்டும் என்று கூட்டுவதில்தான் காது போகிறது. போனில் சத்தத்தைப் பாதியளவில், மிஞ்சினால் அதற்குச் சற்று மேலே வையுங்கள். பக்கத்தில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்கவேண்டும்.

எங்கள் வீட்டில் பாட்டே கிடையாது. பிள்ளை நஷீத் (இஸ்லாமியப் பக்திப் பாட்டு) மட்டும் கேட்கிறான். இந்தக் கேள்விகள் எங்களுக்குமா?

கிண்ணியாவிலிருந்து வந்த ஓர் உம்மா கேட்டது. மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை, அது உங்கள் உலமாக்களிடம் கேட்கவேண்டியது. ஆனால் ஒரு பிள்ளை எதைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் அது அவன் பேச்சுக்குள் வரும் என்பது எல்லா வீட்டுக்கும் பொது. உங்கள் மகன் ராகமாக ஓதுகிறான், மனப்பாடம் அவனுக்கு எளிது, உச்சரிப்பு சுத்தம். அதை வகுப்பில் நான் காண்கிறேன். வீட்டுக்கு வெளியே பஸ்ஸிலும் கடையிலும் மற்றப் பாட்டுகளும் அவன் காதில் விழத்தான் செய்யும். அவற்றைப் பற்றியும் அவன் உங்களிடம் பயமில்லாமல் கேட்கக்கூடியதாக இருக்கட்டும்.

நல்ல பாதிப்பே இல்லையா?

நிறைய இருக்கிறது. பெற்றோர் என்னிடம் குறைவாகக் கேட்கும் கேள்வியும் இதுதான்.

2021இல் யொஹானியும் சதீஷனும் சேர்ந்து பாடிய "மெனிகே மகே ஹிதே" என்ற சிங்களப் பாட்டு நாடெங்கும் ஓடியது. இரண்டாம் மொழிச் சிங்களப் பாடம் என்றால் தலைவலி என்று மேசையில் படுக்கும் பிள்ளைகள் அதை முழுசாகப் பாடினார்கள். ஒருத்தி ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே தமிழில் அர்த்தம் எழுதி வைத்திருந்தாள். எழுதித் தந்தது அவளுடைய வீட்டுக்குப் பக்கத்துச் சிங்கள அக்கா. பக்கத்தில் குடியிருந்தும் அதுவரைக்கும் இருவரும் சிரித்ததோடு சரி. மூன்று சமூகங்கள் ஒரே சந்தையில் மீன் வாங்கும் ஊரில் இது சின்ன விஷயம் அல்ல.

அதே வருடம் மார்ச்சில் அறிவும் தீயும் பாடிய "எஞ்சாய் எஞ்சாமி" வந்தது. பிள்ளைகள் முதலில் அதற்கு ஆடினார்கள். பிறகு அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று சொன்னபோது வகுப்பு அமைதியானது. பிறகு ஏன் இந்தியாவுக்குப் போனார்கள் என்று கேட்டார்கள். 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், ஐந்தேகால் லட்சம் தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப எடுத்த முடிவு, அதெல்லாம் அன்றைக்கு நான் சொல்லவேண்டி வந்தது. பாடப்புத்தகத்தில் படித்திருந்தால் புள்ளிக்காகப் படித்து மறந்திருப்பார்கள். ஒரு பெடியன் வீட்டுக்குப் போய் விசாரித்து, தன் அம்மம்மாவும் ஹட்டன் பக்கத்திலிருந்து வந்தவர் என்று அறிந்துகொண்டு வந்தான். வீட்டில் யாரும் அதுவரைக்கும் சொல்லவில்லையாம்.

கொரியப் பாட்டுக்காகக் கொரிய எழுத்தைத் தானாகவே படித்த பிள்ளைகளும் என் வகுப்பில் உண்டு. ஆர்வம் இருந்தால் ஆசிரியரே தேவையில்லை என்பதை அவர்களைப் பார்த்துத்தான் நம்பினேன்.

சங்கீதம் படிக்கிற பிள்ளை குத்துப்பாட்டுப் பாடினால் குரல் கெடுமா?

கத்தினால் எந்தப் பாட்டிலும் கெடும். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் பாடும் பிள்ளை ட்ரிப் பஸ்ஸில் பைலாவும் பாடட்டும். தாளம் இரண்டுக்கும் உதவும்.

அப்படியென்றால் நான் என்னதான் செய்வது? போனைப் பறிக்கலாமா?

பறித்தால் கூட்டாளியின் போனில் கேட்பான். அதற்குப் பிறகு உங்களிடம் ஒன்றும் சொல்லவும் மாட்டான்.

கிழமைக்கு ஒரு பாட்டு அவன் தெரிவுசெய்யட்டும், நீங்கள் முழுசாகக் கேளுங்கள். இடையில் முகம் சுளிக்காதீர்கள். பிறகு உங்களுடைய காலத்துப் பாட்டொன்றைப் போடுங்கள், அவன் முழுசாகக் கேட்கட்டும். உங்கள் பாட்டிலும் பெண்ணை விரட்டுகிற வரி இருக்கும், அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். சந்தேகமான பாட்டு வந்தால் வரிகளை மெட்டில்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். "இதை உன் தங்கச்சியைப் பார்த்து யாரும் சொன்னால்?" என்று கேட்கத் தோன்றும். நான் அப்படிக் கேட்பதில்லை. தங்கச்சி இல்லாவிட்டாலும் அந்தப் பிள்ளையும் மனுஷிதானே. "அவள் என்ன நினைப்பாள்?" என்று மட்டும் கேட்கிறேன்.

சந்தியில் பாடிய அந்தப் பெடியன் இப்போது அந்தச் சந்தியில் நிற்பதில்லை. அவள் நேர் வழியால் போகிறாள். மற்ற இருவரிடமும் அவனே பேசினான். என்ன பேசினான் என்று நான் கேட்கவில்லை.

மிஸ், எங்கள் வயதில் நீங்கள் என்ன பாட்டுக் கேட்டீர்கள்?

வானொலியில் வந்ததெல்லாம். பிடித்ததை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ரெக்கோடிங் பாருக்குப் போகவேண்டும். பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கசெட்டில் பதிந்து தருவார்கள், 60 நிமிடக் கசெட்டில் ஏறக்குறைய பன்னிரண்டு பாட்டு. பதினாறு வயதில் நான் எழுதிய முதல் லிஸ்டை அப்பா வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் பேனையை எடுத்து ஒரு பாட்டின் மேல் கோடு போட்டார், பிறகு காசு தந்தார். ஏனென்று நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அந்தப் பதினொரு பாட்டில் இப்போது நாலைந்துதான் ஞாபகம் இருக்கிறது. கோடு போட்ட பாட்டை மட்டும் முழுசாகப் பாடுவேன்.